பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதிய ஆய்வுக்கூடம்

நான் முதுகலை இயற்பியல் படித்த கல்லூரியின் கட்டடம் நூறு வயதைத் தாண்டியது. தடித்த செங்கல் சுவர்கள், உயரமான கூரை, வெயில் உள்ளே வராதபடி நீண்ட தாழ்வாரம். நாங்கள் சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்புதான் அதன் மேற்குச் சுவரை ஒட்டினாற்போல் மூன்று மாடிப் புதுக் கட்டடம் ஒன்றை எழுப்பியிருந்தார்கள். புது ஆய்வுக்கூடம், புதுக் கருவிகள். எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

முதல் மழைக்காலம் முடிந்தபோது பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம் போல் ஆயிற்று. எங்கள் ஆய்வக உதவியாளர் விரிசலுக்குக் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்துப் பதித்தார். “இது உடைந்தால் விரிசல் இன்னும் வளருகிறது என்று பொருள்” என்றார். மூன்றே மாதத்தில் கண்ணாடி உடைந்தது. பழைய பக்கத்தில் இருந்த ஒளியியல் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு நிறமாலைமானிச் சோதனைகளை நாங்கள் தாழ்வாரத்தில் சாக்குத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டுச் செய்தோம்.

யாரும் வேண்டுமென்று செய்த தவறன்று அது. ஒரு பழைய கட்டடத்தின் பக்கத்தில் புதியதைக் கட்டும்போது கேட்க வேண்டிய சில கேள்விகளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்விகள் எல்லாமே நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான். அவற்றை ஒவ்வொன்றாக இங்கே கேட்டுப் பார்ப்போம்.

கிண்டியின் செங்கட்டடம்

நம் தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு சென்னை கிண்டியிலுள்ள பொறியியல் கல்லூரி. 1794-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது அது. 1859-இல் கல்லூரி ஆயிற்று. நெடுங்காலம் சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகாலில் நடந்தது. மாணவர் தொகை பெருகவே 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. மணிக்கூண்டோடு கூடிய அந்தச் சிவப்புக் கட்டடத்தை நீங்கள் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள்.

1920-இல் பொறியியல் மாணவனுக்கு என்ன தேவைப்பட்டது? வரைபட மேசை, நில அளவைக் கருவிகள், பட்டறை. ஆனால் 1930-இல் மின்பொறியியல் வந்தது. 1945-இல் தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலைப் பொறியியலும் வந்தன. 1978-இல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியானது. பிறகு கணிப்பொறி, படிக வளர்ப்பு, மின்னணு நுண்ணோக்கி என்று ஒவ்வொன்றாக வந்தன. 1920-இல் வரைபடம் எழுதியவர்களுக்கு இவற்றில் பலவற்றின் பெயர்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட வளாகங்கள் இந்தியாவெங்கும் இருக்கின்றன. பழையதை இடித்துவிடலாம் என்பது எளிய விடை. ஆனால் ஒரு நூற்றாண்டின் கைவேலை அதோடு போய்விடும். பழையதற்குள்ளேயே எல்லாவற்றையும் திணிக்கலாம் என்பது இன்னொரு விடை. அதில் கட்டடமும் கெடும், ஆய்வும் கெடும். மூன்றாவது வழி, பழையதன் பக்கத்தில் புதிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ப்பது. நீங்களே அதன் வடிவமைப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

எடை எங்கே போகிறது?

எங்கள் ஊரான திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயில் இராஜகோபுரம் 217 அடி உயரம், பதினோரு நிலைகள். அதைச் சற்று நின்று பாருங்கள். அடிப்பகுதி முழுவதும் கருங்கல். அதற்கு மேல் செங்கல்லும் சுதையும். மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் சிறுத்துக்கொண்டே போகிறது. காரணம் எளிது. கீழ்நிலை தனக்கு மேலுள்ள பத்து நிலைகளையும் சுமக்கிறது. உச்சிநிலை தன்னையும் கலசங்களையும் மட்டும் சுமக்கிறது. எடை மேலிருந்து கீழே இறங்கிக் கடைசியில் மண்ணைச் சேர்கிறது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், எடை எந்த வழியே தரைக்குப் போகிறது என்பதுதான் முதற்கேள்வி.

நூறாண்டுக்கு முந்தைய கட்டடங்களில் எடையைத் தாங்குபவை சுவர்களே. இன்றைய கான்கிரீட் கட்டடங்களில் தூண்களும் உத்திரங்களும் தாங்குகின்றன. சுவர் வெறும் தடுப்புத்தான். ஆகவே புதுக் கட்டடத்தில் ஒரு சுவரை எடுத்துவிட்டு அறையைப் பெரிதாக்கலாம். பழைய கட்டடத்தில் அப்படிச் செய்தால் மேல்மாடி தலையில் இறங்கும்.

தரைத்தளமும் அப்படியே. சென்னைப் பகுதியின் பழைய கட்டடங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற முறையைக் காணலாம். தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்புவார்கள். கொத்தனார்கள் சிலர் இதைக் கட்டைக்குத்து என்பார்கள். வெயிலுக்கு அருமையான தளம். ஆனால் எவ்வளவு சுமக்கும்?

சிறிய கணக்கு ஒன்று போடுவோம். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள வகுப்பறை. 40 மாணவர்கள், ஆளுக்கு 50 கிலோ. மேசை நாற்காலிகள் 800 கிலோ. மொத்தம் 2,800 கிலோ. பரப்பு 48 சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 58 கிலோதான். இந்தியத் தர நிர்ணயம் வகுப்பறைத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடையைத் தாங்குமாறு வடிவமைக்கச் சொல்கிறது. கூட்டமாக நின்றாலும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது உலோகக் கம்பியை இழுத்துச் சோதிக்கும் 2,000 கிலோ எடையுள்ள பொறியை ஒரு சதுர மீட்டர் இடத்தில் வையுங்கள். சதுர மீட்டருக்கு 2,000 கிலோ! வகுப்பறைக்கென்று கணக்கிட்ட சுமையைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. பழைய மாடியில் இதை வைக்கக் கூடாது என்பது இப்போது விளங்குகிறது. பெரும் பொறிகள் புதுக் கட்டடத்தின் தரைமட்டத்துக்குப் போக வேண்டும். பழைய கட்டடம் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையையே, அதாவது வகுப்பறை, வரைபட அறை, அலுவலகம் ஆகியவற்றையே, தொடர்ந்து செய்யட்டும்.

மண்ணுக்குள் ஒரு தகராறு

எங்கள் கல்லூரி விரிசலுக்குக் காரணம் சுவரில் இல்லை, மண்ணில் இருந்தது.

ஒரு தூணின் அடித்தளம் மண்ணை அழுத்தும்போது அந்த அழுத்தம் நேராகக் கீழே மட்டும் போவதில்லை. குடை விரிவதுபோல் பக்கவாட்டிலும் பரவுகிறது. பொறியாளர்கள் தோராயமாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: 2 மீட்டர் கீழே போனால் ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் அகலும். 2 மீட்டர் சதுரமான அடித்தளத்தின் மேல் 400 கிலோநியூட்டன் சுமை இருந்தால், அதன் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 100 கிலோநியூட்டன். 4 மீட்டர் ஆழத்தில் அதே சுமை 6 மீட்டர் சதுரத்தில், அதாவது 36 சதுர மீட்டரில் பரவிவிடும். அழுத்தம் சுமார் 11 ஆகக் குறையும். குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் குடை பக்கத்துக்கு 2 மீட்டர் அகன்றுவிட்டது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பழைய சுவரின் அடிமண்ணும் இப்போது அந்தக் குடைக்குள் அகப்பட்டுக்கொண்டது.

பழைய கட்டடத்தின் அடிமண் நூறு ஆண்டுகளாக அழுந்தி, இறங்க வேண்டிய அளவு இறங்கி, ஓய்ந்துபோயிருக்கிறது. புதுக் கட்டடம் இனிமேல்தான் இறங்கப் போகிறது. களிமண்ணாக இருந்தால் இது ஆண்டுக்கணக்கில் நடக்கும். களிமண் துகள்களுக்கு இடையேயுள்ள நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற வேண்டியிருப்பதே காரணம். புதியது இறங்கும்போது பழையதன் ஓரத்தையும் கூடவே இழுக்கிறது. நடுப்பகுதி அசையாமல் நிற்க, ஓரம் மட்டும் இறங்கினால் சுவர் என்ன செய்யும்? பிளந்துகொள்ளும். கட்டடம் முழுவதும் சமமாக ஓர் அங்குலம் இறங்கினால்கூடப் பெரிய கேடில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்குவதுதான் ஆபத்து.

இதைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. புதுக் கட்டடத்தின் தூண்களைப் பழைய சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி நிறுத்தலாம். தளத்தை மட்டும் பால்கனிபோல் நீட்டிப் பழைய கட்டடத்தின் அருகே கொண்டுவரலாம். அல்லது ஆழத்திலுள்ள கெட்டியான மண்ணோ பாறையோ வரைக்கும் பைல் என்னும் ஆழ்தூண்களை இறக்கிச் சுமையை அங்கே ஒப்படைக்கலாம். அப்போதும் ஓர் எச்சரிக்கை: பைலைச் சம்மட்டி கொண்டு அடித்து இறக்கினால் அந்த அதிர்ச்சியே பழைய சுவரைப் பிளக்கும். துளையிட்டுக் கான்கிரீட் வார்க்கும் முறையே இங்கே ஏற்றது. பழைய அடித்தளத்தைவிட ஆழமாக அதன் ஓரத்திலேயே பள்ளம் தோண்டுவதும் கூடாது. மணற்குவியலின் ஓரத்தில் கைவைத்துத் தோண்டினால் உச்சி சரிகிறதல்லவா? அதேதான்.

கைகோக்காமல் பக்கத்தில் நில்!

இரண்டு கட்டடங்களையும் கம்பி போட்டு இறுக்கிப் பிணைத்துவிட்டால் பலம்தானே என்று தோன்றும். இல்லை.

வெப்பத்தால் பொருள்கள் விரிவடைகின்றன. கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிவடைகிறது. 30 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கூரை விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் எவ்வளவு நீளும்? 30 மீட்டரை 20-ஆலும் பத்து லட்சத்தில் 12-ஆலும் பெருக்கினால் 7.2 மில்லிமீட்டர். செங்கல் இதில் ஏறத்தாழப் பாதியே நீளும். ஒன்று 7 மில்லிமீட்டரும் மற்றொன்று 3 அல்லது 4 மில்லிமீட்டரும் நாள்தோறும் நீண்டு சுருங்கும்போது, இரண்டையும் பிணைத்து வைத்தால் பலவீனமானது கிழியும்.

ஆகவே இரண்டுக்கும் நடுவில் சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மழைநீர் இறங்காதபடி மென்மையான பொருளால் அதை அடைத்து, மேலே ஓர் உலோகத் தகட்டை மூட வேண்டும். தகட்டை ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்துவார்கள். மறுபக்கம் வழுக்கி நகர இடம் வேண்டும். மேம்பாலத்தில் பேருந்து போகும்போது ‘தடக், தடக்’ என்று கேட்கிறதே, அது இத்தகைய இடைவெளிகளில் எழும் ஓசைதான். இந்த இடைவெளி இருந்தால் புதுக் கட்டடம் சில மில்லிமீட்டர் இறங்கினாலும் பழையதைத் தன்னோடு இழுக்காது.

பழைய சுவரைப் பழுது பார்க்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். சிமெண்ட் வலிமையானது, ஆகவே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. நம் கொத்தனார்கள் அதில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். இந்தச் சாந்து சற்றே நெகிழும். ஈரத்தையும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்புப் பூத்துச் செங்கல்லே பொடிப்பொடியாக உதிரும். வலியவனையும் மெலியவனையும் சேர்த்துக் கட்டினால் தேய்வது மெலியவன்தான்.

நில அதிராமல் வேண்டும்!

இனி ஆய்வுக்கூடத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். அதுதான் அதிர்வு.

1881-இல் ஆல்பர்ட் மைக்கல்சன் ஒளியின் வேகத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற சோதனையைப் பெர்லின் நகரில் தொடங்கினார். தெருப் போக்குவரத்தின் அதிர்வால் குறுக்கீட்டுப் பட்டைகள் நிலையாக நிற்கவேயில்லை. கருவியை எடுத்துக்கொண்டு போட்ஸ்டாம் வானாய்வகத்தின் நிலவறைக்குப் போனார். அங்கேயும் நூறு மீட்டர் தொலைவில் ஒருவர் நடைபாதையில் காலால் ஓங்கி மிதித்தால் பட்டைகள் மறைந்துவிட்டன! 1887-இல் மோர்லியுடன் சேர்ந்து மீண்டும் செய்தபோது கருவியைப் பெரிய கல்பலகையில் வைத்து, பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். நல்ல ஆய்வுக்குக் கூர்மையான அறிவோடு அசையாத தரையும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அளவுகளைப் பாருங்கள். தரை அதிரும் வேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால்தான் நம் உடல் அதை உணரத் தொடங்கும். பழமையான, மென்மையான கட்டடங்களைக் காக்க ஜெர்மானியத் தர அளவு, குறைந்த அதிர்வெண்களில் நொடிக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் மிக நுண்ணிய மின்னணு நுண்ணோக்கிக்கு வேண்டியதோ நொடிக்குச் சுமார் 0.003 மில்லிமீட்டர். கட்டடம் பொறுத்துக்கொள்வதில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் கருவி பொறுத்துக்கொள்ளும்!

எப்படித் தடுப்பது? முதல் வழி, தளத்தை விறைப்பாக்குவது. இரு தாங்கிகளின் மேல் வைத்த சட்டத்தின் நடுவில் ஒரு எடையைத் தொங்கவிட்டால் அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். தூண்களின் இடைவெளியைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் தூண்கள் நெருக்கமாக இருப்பது குறையன்று. அது ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது வழி, சுருள்வில்லின் மேல் நிறுத்துவது. ஒரு பொருளை வில்லின் மேல் வைத்தால் அது 1 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று கொள்வோம். அப்படியானால் அதன் இயல்பு அதிர்வெண் நொடிக்குச் சுமார் 5. அமுக்கம் 4 சென்டிமீட்டர் என்றால் 2.5. இனி, நிமிடத்துக்கு 1,440 முறை சுழலும் மின்மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிர்வெண் நொடிக்கு 24. இது 5-ஐப் போல் 4.8 மடங்கு. அந்த விகிதத்தின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது சுமார் 22. ஆகவே மோட்டாரின் அதிர்வில் 22-இல் ஒரு பங்கே தரைக்குப் போகும். ஆனால் விகிதம் ஒன்றை நெருங்கினால் நேரும் கேட்டையும் மறக்காதீர்கள். ஒத்ததிர்வு ஏற்பட்டு அதிர்வு குறைவதற்குப் பதிலாகப் பெருகும். ‘ஏதோ ரப்பர் போடு’ என்று சொல்லி வைப்பது மருந்தாகாது. கணக்குப் பார்த்துப் போட வேண்டும்.

மூன்றாவது வழி தொலைவு. 1920-களில் கேம்பிரிட்ஜில் பியோத்தர் கபிட்சா, வலிமைமிக்க காந்தப்புலம் உண்டாக்க ஒரு பெரிய மின்னாக்கியைக் கணநேரம் குறுக்குச் சுற்றாக்கினார். அந்தக் கணத்தில் பொறி தரையைச் சிறு நிலநடுக்கம்போல் உலுக்கும். அவர் என்ன செய்தார்? சோதனைச் சுருளைப் பொறியிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்தார். அதிர்வலை தரைவழியே நொடிக்குச் சுமார் 2,000 மீட்டர் போகிறது. 20 மீட்டரைக் கடக்க நூறில் ஒரு நொடி ஆகும். சோதனையோ நூறில் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதிர்வு வந்து சேரும்போது அளவெடுத்து முடிந்திருந்தது! கட்டடத்தின் நீளத்தையே ஒரு கருவியாக்கிய அறிவு அது.

நம் ஆய்வுக்கூடத்துக்கு இவற்றால் கிடைக்கும் விதி: அதிரும் பொறிகள் ஒரு கோடியில், நுட்பமான கருவிகள் மறுகோடியில், தரைமட்டத்தில், சுற்றியுள்ள தளத்தைத் தொடாத தனி மேடையின் மேல். மின்தூக்கியும் நீரேற்றும் மோட்டாரும் அவற்றின் பக்கமே வரக் கூடாது.

மூச்சு விடும் கட்டடம்

பழைய கட்டடத்தின் உயர்ந்த கூரையும் காற்றுப்பலகணிகளும் அழகுக்காக வந்தவை அல்ல. சூடான காற்று மேலே எழுந்து மேல்பலகணி வழியே வெளியேறும். குளிர்ந்த காற்று தாழ்வாரத்திலிருந்து உள்ளே வரும். மின்விசிறி இல்லாத நாளில் இதுவே காற்றோட்டம்.

வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு இது போதாது. அமிலப் புகையை உறிஞ்ச ‘ஃப்யூம் ஹூட்’ என்னும் அலமாரி வேண்டும். அதன் வாயில் 1.2 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் இருந்தால் பரப்பு 0.6 சதுர மீட்டர். புகை வெளியே சிந்தாமல் இருக்கக் காற்று அதன் வழியே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அப்படியானால் நொடிக்கு 0.3 கனமீட்டர், மணிக்கு 1,080 கனமீட்டர். 60 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் காற்று 180 கனமீட்டர்தான். ஒரே ஓர் அலமாரி மணிக்கு ஆறு முறை அறைக்காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிடுகிறது.

அவ்வளவு காற்று உள்ளே வர வழி வேண்டுமே! வழி வைக்காமல் அறையை இறுக மூடினால் உள்ளே அழுத்தம் குறையும். வெறும் 50 பாஸ்கல் குறைந்தாலும், 2 சதுர மீட்டர்க் கதவின் மேல் 100 நியூட்டன் விசை வேலை செய்யும். கீலிலிருந்து கணக்கிட்டால் கைப்பிடியில் சுமார் 50 நியூட்டன். 5 கிலோ எடையைத் தூக்குவது போன்றது. தீ பிடித்த நேரத்தில் பதறி ஓடும் மாணவனுக்கு இது தடையாகிவிடும்.

வெளியேறும் புகைக்குழாய் பழைய கட்டடத்தின் கூரையைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் பலகணிகள் அந்த நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். கிழக்கே புகைக்குழாய், மேற்கே வகுப்பறை என்று அமைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வேதியியல் பகுதியைப் பெரும்பாலும் மேல்மாடியில் வைப்பதற்குக் குழாயின் நீளம் குறையும் என்பதே காரணம்.

மின்சாரமும் தீயும்

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 ஆம்பியருக்குப் போட்ட பழைய கம்பியில் 10 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 15 ஆம்பியர் என்றால் ஒன்பது மடங்கு. 2 கிலோவாட் மின்னுலை ஒன்றே 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியரை இழுக்கும். பழைய கட்டடத்திலோ அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் காய்ந்த தேக்குச் சட்டம் இருக்கிறது. எனவே புதிய ஆய்வுக்கூடத்துக்கு முற்றிலும் தனியான மின்வழியும் தனியான நிலத்தொடர்பும் வேண்டும். பழையதிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொள்வது தீயோடு விளையாடுவதாகும்.

கிண்டிக் கல்லூரியின் பழைய இல்லமான கலசமகாலின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1768-இல் ஆர்க்காட்டு நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் பகுதி அது. பிற்காலத்தில் அரசு அலுவலகங்கள் அங்கே இயங்கின. 2012 ஜனவரியில் அதில் பெருந்தீ மூண்டது. மரக்கூரை எரிந்து வீழ்ந்தது. தீயை அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு பொதுப்பணித்துறை சுண்ணாம்புச் சாந்து முதலிய பழைய முறைகளைக் கொண்டே அதை மீண்டும் எழுப்பியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. பழைய கட்டடத்தை மீட்க முடியும். போன உயிரை மீட்க முடியாது. அதனால்தான் எரிவாயு உருளைகளுக்குக் கட்டடத்துக்கு வெளியே கொட்டகை போடுகிறோம். ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு வாயில்கள் வைக்கிறோம். இரு கட்டடங்களுக்கும் நடுவே தீயைத் தடுக்கும் கதவு பொருத்துகிறோம்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. பழைய கட்டடத்தின் மாடி உயரமும் புதியதன் மாடி உயரமும் பெரும்பாலும் ஒத்துவராது. வேறுபாடு 60 சென்டிமீட்டர் என்றால் நான்கு படி வைத்துவிடலாம். ஆனால் கருவிகளை வண்டியில் தள்ளி வருபவரும் சக்கர நாற்காலியில் வரும் மாணவியும் என்ன செய்வார்கள்? 12-க்கு 1 என்ற சரிவில் சாய்தளம் அமைக்க 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

நீங்களே செய்து பாருங்கள்

அகலமான கிண்ணத்தில் நீர் ஊற்றி, வெயில் விழும் சன்னலருகே தரையில் வையுங்கள். நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கூரையில் ஒரு வட்டமாக விழும். அறையில் யாராவது நடந்தால் அந்த ஒளிவட்டம் நடுங்கும். கிண்ணத்தை மேசை மேல், மாடியில், மாடியின் நடுவில், சுவரோரத்தில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எங்கே நடுக்கம் குறைவோ அங்கேதான் நுண்ணோக்கியை வைக்க வேண்டும். கிண்ணத்தின் கீழே ஒரு தடித்த பஞ்சணையை வைத்தும் பாருங்கள். நடுக்கம் குறைகிறதா, கூடுகிறதா? கார்த்திகைத் தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் பெரிய தேர் மாடவீதியில் வரும்போது, அந்த வீதியிலுள்ள நண்பர் ஒருவர் வீட்டில் நான் இதைச் செய்து பார்த்ததுண்டு. தேர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கூரையில் ஒளிவட்டம் ஆடத் தொடங்கிவிட்டது.

உங்கள் பள்ளியில் பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடம் எங்கேயாவது இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள். இடைவெளி விட்டிருக்கிறார்களா? விரிசல் இருக்கிறதா? இருந்தால் அதன் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவை மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு குறித்து வாருங்கள். எண் மாறாமல் இருந்தால் கவலை வேண்டாம். மாறிக்கொண்டே போனால் அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கள் ஆய்வக உதவியாளர் பதித்த கண்ணாடித் துண்டு செய்ததும் அதைத்தான். கட்டடம் வாய் திறந்து பேசாது. ஆனால் அளந்து பார்ப்பவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.